தமிழ் வாசிக்கத் திணறுகிறவரிடம் ஜெபக்கூட்டத்தைக் கொடுத்தால்

மூப்பர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, தேநீர் குடித்து முடித்து, செருப்பு மாட்டும்போதுதான் விஷயத்துக்கு வருகிறார்: "வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை இனிமேல் நீதான் பார்த்துக்கொள்ளணும், தம்பி." ரங்கூன் தமிழ்ச் சபைகளில் அழைப்பு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. மோசேக்கு எரிந்ததுபோல முட்செடி எதுவும் எரிவதில்லை. ஆள் இல்லை, கேட்கிறார்கள். கேட்கப்படுகிறவருக்கோ வீட்டில் பேசுகிற தமிழ் மட்டும்தான் தெரியும். எழுத்து என்றால் பர்மிய எழுத்து. 1962 ராணுவ ஆட்சிக்குப் பிறகு, 1960களின் நடுவில் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டபோது தமிழ்ப் பள்ளிகளும் போய்விட்டன. தாத்தா வேதத்தைச் சரளமாக வாசித்தார், அப்பா தட்டுத்தடுமாறி வாசித்தார், பேரன் கேட்டு மட்டும் பழகியிருக்கிறான்.

இந்தக் குறிப்புகள் அப்படிக் கேட்கப்பட்ட தம்பிக்கும் தங்கைக்கும். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று எல்லாரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் அவர் பார்த்துக்கொள்வதற்கும் நீங்கள் செய்யவேண்டியதற்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. அது தெரியாமல்தான் பலர் நான்காவது வாரத்திலேயே நின்றுவிடுகிறார்கள்.

பதில் சொல்வதற்கு முன்

ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள். அதற்கு மேல் இழுத்தால் அது ஜெபமாக இருக்காது, ஒளிந்துகொள்வதாக இருக்கும். அந்த வாரத்தில் மூப்பரிடம் நான்கு கேள்வி கேட்டுத் தெளிவாக்குங்கள்: எத்தனை மாதத்துக்கு? கூட யார் நிற்பார்கள்? இதுவரை செய்தவர் ஏன் விட்டார்? காணிக்கைக் கணக்கு யார் கையில்? "காலம் பூராவும்" என்றால் ஒத்துக்கொள்ள வேண்டாம். 12 வாரம் என்று சொல்லுங்கள். முடிவில் உட்கார்ந்து பேசலாம்.

ஆள் இல்லை என்பது மட்டும் அழைப்பு ஆகாது. சபை கேட்கவேண்டும், நீங்கள் வேறு வேலையில் இருக்கும்போதும் அந்தப் பாரம் மனதைவிட்டு நகராமல் இருக்கவேண்டும், வீட்டார் இதைத் தாங்கவேண்டும். மூன்றில் இரண்டு இருந்தால் 12 வாரம் ஏற்கலாம். சபை கேட்டது மட்டும்தான் இருக்கிறது என்றால், "பாட்டை மட்டும் நான் நடத்துகிறேன்" என்று ஒரு துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

தகுதி இல்லை என்ற எண்ணத்தை மட்டும் மறுப்புக்குக் காரணமாக வைக்காதீர்கள். யாத்திராகமம் 3ஆம் அதிகாரத்தில் மோசே "நான் எம்மாத்திரம்" என்கிறான். "இல்லை, நீ பெரிய ஆள்" என்ற பதில் வரவில்லை. "நான் உன்னோடே இருப்பேன்" என்பதுதான் வந்தது. கேள்வி மோசேயைப் பற்றியது, பதில் மோசேயைப் பற்றியதே இல்லை. ஆகவே "உன்னால் முடியும்" என்று முதுகில் தட்டுகிறவர்களின் பேச்சில் அதிகம் சாயவேண்டாம். முடியாது என்று உங்களுக்குத் தோன்றுவது பெரும்பாலும் உண்மைதான்.

ஒன்றை இதோடு குழப்பக்கூடாது. அண்ணனோடு பணத் தகராறு, மறைத்து வைத்திருக்கிற கடன், யாரையோ ஏமாற்றியது: இவை "தகுதிக்குறைவு" என்ற கணக்கில் வராது. அவற்றைப் போய்ச் சரிசெய்துவிட்டு வாருங்கள். கிருபையைக் காரணம் காட்டி மேலே பாய் விரிக்காதீர்கள்.

குறைகளை உடைத்து எழுதுதல்

40 பக்க நோட்டு ஒன்று போதும். முதல் பக்கத்தில் உங்களிடம் இல்லாததை எல்லாம் எழுதுங்கள். பர்மிய எழுத்தில் எழுதினாலும் பரவாயில்லை. "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று எழுதினால் அந்த வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். அது குறை இல்லை, புலம்பல். குறை என்பது இப்படி இருக்கும்: "பத்து வசனம் வாசிக்க எட்டு நிமிடம் ஆகிறது." "எழுந்து நின்றால் இரண்டாவது நிமிடத்தில் அடுத்த வார்த்தை மறந்துபோகிறது." "கீர்த்தனையை எந்தச் சுருதியில் தொடங்குவது என்று தெரியவில்லை." "தேநீர்ச் செலவுக்குப் பணம் இல்லை." "பெரியவர்கள் முன்னால் பேசப் பயம்." பத்துப் பதினைந்து வரி வரும்.

இனி ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஓர் எழுத்துப் போடுங்கள். பழகினால் வருவதற்கு "ப". இன்னொருவரிடம் வாங்கக்கூடியதற்கு "வா". கர்த்தர் மட்டுமே தரக்கூடியதற்கு "க". மேலே சொன்ன பட்டியலில் வாசிப்பு வேகம் "ப", சுருதி "வா", தேநீர்ச் செலவு "வா". பயம்? பாதி "ப", பாதி "க". கேட்கிறவரின் மனம் திரும்புவது முழுக்க "க". அதைப் பற்றி உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை.

சறுக்கல் நடப்பது இங்கேதான். "ப" போடவேண்டியதற்கு உபவாசம் இருப்பார்கள்; ஆனால் வாசிப்பை ஒரு நாளும் பழகமாட்டார்கள். "வா" போடவேண்டியதைத் தானே கற்றுக்கொள்ளப் பார்த்து மூன்று மாதம் வீணாக்குவார்கள்: குரல் இல்லாதவர் ஆர்மோனியம் கற்கப் போவார், பக்கத்துத் தெருவில் நன்றாகப் பாடுகிற அக்கா சும்மா உட்கார்ந்திருப்பார். "க" என்று விட்டுவிடவேண்டியதை எண்ணி இரவெல்லாம் புரளுவார்கள். நம்பிக்கை என்பது பெரும்பாலும் எந்த எழுத்தை எங்கே போடுவது என்கிற வேலைதான்.

அடுத்த பக்கத்தில் உங்களிடம் இருப்பதை எழுதுங்கள். "உன் கையிலிருக்கிறது என்ன" என்று கேட்டபோது மோசே கையில் இருந்தது ஆடு மேய்க்கிற கோல். உங்களுக்கு ஒரு சைக்கிள், இருபது பேர் உட்காரும் முன்னறை, பர்மிய வேதத்தைச் சரளமாக வாசிக்கும் கண், ஒவ்வொரு வீட்டுக் கஷ்டமும் தெரிந்திருப்பது என்று ஏதாவது இருக்கும். 1813இல் ரங்கூனுக்கு வந்த அமெரிக்க மிஷனெரி அதோனிராம் ஜட்சன் மொழி கற்றுக்கொண்டு, கடைசியில் கூட்டம் நடத்தியது வழிப்போக்கர் இளைப்பாறும் சயாத் ஒன்றைச் சாலையோரத்தில் கட்டி. நம் சாவடி போன்றது. ஊர்க்காரர் ஏற்கெனவே உட்கார்ந்து பேசிப் பழகிய இட வகையையே அவர் எடுத்துக்கொண்டார். அவர் ஊழியத்தில் முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற்றது 1819இல். ஆறு ஆண்டு ஆயிற்று. 12 வாரத்தில் கூட்டம் நிரம்பவில்லை என்றால் அதை உங்கள் குறைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

பாத்திரம் கேட்கப் போவது

2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தில் எலிசா தீர்க்கதரிசி, கடனில் சிக்கி வீட்டில் ஒரு குடம் எண்ணெய் மட்டும் வைத்திருந்த விதவையை முதலில் அனுப்பியது அயல்வீடுகளுக்கு. வெறும் பாத்திரம் வாங்கிவரச் சொன்னார், அதுவும் அநேகம். அவள் ஊற்ற ஊற்ற எண்ணெய் வந்துகொண்டே இருந்தது, பாத்திரம் தீர்ந்ததும் நின்றுவிட்டது. கேட்கக் கூச்சப்பட்டு இரண்டு பாத்திரத்தோடு வந்திருந்தால் இரண்டு பாத்திர எண்ணெய்தான்.

"வா" என்று போட்ட ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஓர் ஆளின் பெயரை எழுதி, ஒரு வாரத்துக்குள் நேரில் போய்க் கேளுங்கள். "ஏதாவது உதவி செய்யுங்கள்" என்றால் எல்லாரும் தலையாட்டுவார்கள், ஒருவரும் வரமாட்டார்கள். "அக்கா, வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு இரண்டு பாட்டு நீங்கள் எடுத்துக்கொடுக்கணும், நான்கு வாரத்துக்கு" என்று கேளுங்கள். நாள், வேலை, முடிவு மூன்றும் இருக்கட்டும். ஒருவர் முடியாது என்றால் அவர் பெயருக்கு ஒரு கோடு, கீழே அடுத்த பெயர்.

வசனம் வாசிக்க ஒரு பெரியவரைப் பிடிப்பதுதான் முதல் காரியம். கண் தெரிகிற, தமிழ் தெரிகிற பாட்டி ஒருவர் எல்லாச் சபையிலும் இருப்பார். அவர் வாசிக்கட்டும், நீங்கள் விளக்குங்கள். திக்குவாயன் என்று தயங்கிய மோசேக்கு அண்ணன் ஆரோன் வாயாக நின்ற ஏற்பாடு இது. ஆனால் அந்தக் கதையை முழுதும் வாசியுங்கள். ஆரோனைக் கொடுக்கும்போது கர்த்தர் கோபமாக இருந்தார். மோசே மலையில் தங்கியபோது ஜனங்கள் வணங்கப் பொன் கன்றுக்குட்டி செய்ததும் அதே ஆரோன்தான். வாங்கின உதவியைக் கவனித்துக்கொண்டே இருக்கவேண்டும். வாசிக்கிறவர் பிரசங்கமும் தொடங்கிவிட்டால், அடுத்த நாள் வீட்டில் போய்ப் பணிவாகச் சொல்லுங்கள், கூட்டத்தில் வேண்டாம்.

எழுத்து

இங்கேதான் விவரம் அதிகம் வேண்டும். கூச்சத்தினால் யாரும் சொல்லித்தருவதில்லை.

தமிழ் வசனத்தைப் பர்மிய எழுத்தில் எழுதிவைத்து வாசிப்பது பலர் கையாளும் குறுக்குவழி. முதல் இரண்டு வாரத்துக்கு ஊன்றுகோலாக இருக்கட்டும், அதற்குமேல் ஆபத்து. பர்மியத்தில் ரகர எழுத்தை இன்று யகரமாகத்தான் உச்சரிக்கிறார்கள். ரங்கூன் யாங்கோன் ஆனதும் அதனால்தான். பதற்றத்தில் வாசிக்கும்போது "இரட்சகர்" உங்கள் வாயில் "யட்சகர்" ஆகிவிடுவார். ட, ண, ள போன்றவற்றுக்குப் பர்மியத்தில் பாலிச் சொற்களுக்கென எழுத்து இருந்தாலும் நாக்கு அவற்றை த, ந, ல என்றே சொல்லும். ழ இல்லவே இல்லை. "நானே வழியும்" என்ற வசனத்தை "நானே வலியும்" என்று வாசித்தால் பின்வரிசைப் பிள்ளைகள் சிரிப்பார்கள். முன்வரிசைப் பெரியவர்கள் சிரிக்காமல் மனதில் வைத்துக்கொள்வார்கள். சொல்லின் கடைசியில் வரும் க், த், ப் எல்லாம் பர்மிய முறையில் தொண்டையிலேயே நின்றுபோகும்.

ஆகவே தமிழ் எழுத்தைக் கற்றுவிடுவதே குறைந்த உழைப்பு. பேச்சுத் தமிழ் தெரிந்தவருக்கு இது புது மொழி அல்ல. ஒரு நாளைக்கு மூன்று மெய், ஆறு நாளில் 18. அடுத்த ஆறு நாள், நாளைக்கு இரண்டு உயிர்க்குறி. ஆ முதல் ஔ வரை 11தான். பள்ளி அரிச்சுவடிகள் ஜ, ஷ, ஸ, ஹ எழுத்துகளைக் கடைசியில் வைக்கும். நீங்கள் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள். ஜெபம், ஜீவன், இஸ்ரவேல், ஸ்தோத்திரம், புருஷன்: பழைய மொழிபெயர்ப்பில் ஒரு பக்கம்கூட இவை இல்லாமல் ஓடாது.

எழுத்துக் கூட்டத் தொடங்கியதும் தெரியாத பகுதியை எடுக்காதீர்கள். மனப்பாடமாகத் தெரிந்த 23ஆம் சங்கீதத்தை எடுத்து, சொல்லுக்குச் சொல் விரல் வைத்துச் சொல்லுங்கள். வாய்க்கு வரும் சொல்லைக் கண் பின்னாலேயே பிடித்துக்கொள்ளும். பிறகு பரமண்டல ஜெபம், மத்தேயு 6இல். இந்த இரண்டும் ஓடிவிட்டால் மற்றது தானாக வரும். தினம் 20 நிமிடம், சத்தமாக. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் உட்கார்வதில் பலன் இல்லை.

பர்மாவிலேயே ஓர் ஆளைச் சொல்லலாம். கோ தா பியூ என்ற கரேன் இனத்தவர் கொள்ளைக்காரராக இருந்து, கடனுக்கு அடிமையானவர். வயது வந்த பிறகே எழுத்துக் கற்றவர். 1828இல் தவாயில் ஞானஸ்நானம் பெற்று, 1840இல் இறக்கும்வரை தன் ஜனத்துக்குள் சுவிசேஷம் சொல்லித் திரிந்தார். முன்கோபம் அவரை எளிதில் விடவில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். எழுத்து வந்தது, கோபம் கடைசிவரை போராட்டமாகவே இருந்தது.

ஒரு வாரத்தின் மன்னா

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு நாள்தோறும் வானத்திலிருந்து கிடைத்த மன்னாவின் அளவு ஆளுக்கு ஒரு ஓமர். ஏறக்குறைய 2 லிட்டர், நம் ஊர் அரிசிப்படியான ஒரு பியீக்குச் சற்றுக் குறைவு. மறுநாளைக்கு என்று வைத்தது பூச்சி பிடித்தது. புதிதாகப் பொறுப்பேற்றவர் முதலில் செய்யும் தவறு இதுவே: யூடியூப்பில் தமிழ்நாட்டுப் பிரசங்கங்களை மூன்று மாதத்துக்குச் சேர்த்து வைப்பது. அந்த மேடைத் தமிழும் அந்த ஏற்ற இறக்கமும் உங்கள் வாயில் ஒட்டாது. கேட்கிறவருக்கு இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும். வீட்டில் பேசுகிற தமிழிலேயே பேசுங்கள். நடுவில் பர்மியச் சொல் வந்தால் வரட்டும். இளையவர்களுக்கு ஒரு வரியைப் பர்மியத்தில் திருப்பிச் சொன்னால் கூட்டத்தில் தலைகள் நிமிரும்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு ஞாயிறு இரவே பகுதியைத் தேர்ந்துவிடுங்கள், 8 முதல் 12 வசனம். திங்கள் மூன்று முறை சத்தமாக வாசிப்பு. செவ்வாய் மூன்று வரி மட்டும் எழுதுங்கள்: இங்கே என்ன நடக்கிறது, இதில் கர்த்தர் எப்படிப்பட்டவர், இந்த வாரம் நாம் என்ன செய்யலாம். புதன் அந்த மூன்று வரியையும் விரித்து எழுதுங்கள். வியாழன் வீட்டில் ஒருவர் முன்னால் கடிகாரம் வைத்துச் சொல்லிப் பாருங்கள். 12 நிமிடத்தைத் தாண்டினால் நடுவிலிருந்து வெட்டவேண்டும், முடிவிலிருந்து அல்ல. வெள்ளி புதிதாக ஒன்றும் சேர்க்காதீர்கள். முதல் இரண்டு வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மனப்பாடம் செய்தால் போதும். சனி ஓய்வு.

ஆறாம் நாளில் மட்டும் இரட்டிப்பாகச் சேர்க்க அனுமதி இருந்தது. அதேபோல ஏப்ரல் நடுவில் பர்மியப் புத்தாண்டான திஞ்ஞான் வருவதற்கு முன், அல்லது பரீட்சைக்கு முன், இரண்டு வாரத்துக்கு ஆயத்தம் செய்து வைக்கலாம். அது நம்பிக்கைக் குறைவு அல்ல.

பணமும் பிடியரிசியும்

பஞ்சத்தில் எலியா தீர்க்கதரிசிக்கு அப்பம் சுட்டுக்கொடுத்த சாறிபாத் விதவையின் மாப்பானை நிரம்பியதாக எங்கும் எழுதியில்லை. மா செலவழிந்துபோகவில்லை, அவ்வளவே. கையிருப்பு எப்போதும் அடிமட்டத்திலேயே இருந்தாலும் நாள்தோறும் அப்பம் சுட முடிந்தது. சபைக் காரியங்களிலும் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். ஆகவே பெட்டி காலியாக இருப்பதைப் பார்த்துத் திகைக்கவேண்டாம், பெட்டி நிரம்பும் என்று நம்பிக் கடனும் வாங்கவேண்டாம். "விசுவாசத்தில் வாங்கினேன்" என்பது கடைக்காரருக்குப் பதில் ஆகாது. எலிசாவின் விதவைக்கு எண்ணெய் வந்ததும் முதல் கட்டளை, விற்றுக் கடனைத் தீர் என்பதுதான்.

பணத்தைவிட அரிசி கேட்பது எளிது. பிடியரிசி நம் பழைய வழக்கம்: ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும் ஒரு பிடியைத் தனியே எடுத்துவைப்பது. ஒரு பிடி சுமார் 40 கிராம். பத்து வீடு, நாளைக்கு இரண்டு உலை, ஏழு நாள்: 5.6 கிலோ, நம் கணக்கில் மூன்றரை வீசைக்குக் கொஞ்சம் குறைவு. ஆளுக்கு 150 கிராம் வீதம் 37 பேருக்கு ஒரு வேளை சோறு. மூடியுள்ள பால் டின் ஒன்றை வீட்டுக்கு வீடு கொடுத்துவிடுங்கள். மழைக்காலத்தில் வண்டு விழும். டின்னில் இரண்டு காய்ந்த மிளகாய் போட்டு, வாரந்தோறும் தவறாமல் வாங்கிவிடவேண்டும். யார் எவ்வளவு கொடுத்தார் என்று கூட்டத்தில் வாசிக்கக்கூடாது.

காணிக்கைப் பெட்டியை ஒரே குடும்பத்தைச் சேராத இருவர், கூட்டம் கலைவதற்குள் எண்ணி, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். நீங்கள் எண்ணாதீர்கள்.

வெள்ளிக்கிழமை மாலை

மின்சாரத்தை நம்பாதீர்கள். ஒரு டார்ச்சும் இரண்டு மெழுகுவர்த்தியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். வேதத்தைக் கைப்பேசியில் மட்டும் வைத்திருந்தால் சார்ஜ் தீருகிற நாள் ஒன்று வரும், புத்தகம் வேண்டும். குறிப்பைப் பெரிய எழுத்தில், வரிக்கு வரி இடைவெளி விட்டு, தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுங்கள்.

மறந்துபோனால் அன்றைய வசனத்தை மெதுவாக மறுபடி வாசியுங்கள். கேட்கிறவர்கள் அழுத்தம் கொடுக்கிறீர்கள் என்று எண்ணுவார்கள், உங்களுக்கும் இழை கிடைத்துவிடும். தப்பாக வாசித்துவிட்டால் ஒரு முறை திருத்திவிட்டு நகருங்கள். "எனக்குத் தமிழ் சரியாக வராது, மன்னியுங்கள்" என்று தொடங்கும் பழக்கம் வேண்டாம். முதல் வாரம் அது பணிவாகத் தெரியும். ஐந்தாவது வாரமும் சொன்னால் பாராட்டுக்கு ஏங்குவதாகத் தெரியும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தகரக் கூரைமேல் மழை கொட்டும்போது எந்தக் குரலும் எடுபடாது. கத்தாதீர்கள். நிறுத்தி, எல்லாருக்கும் தெரிந்த பாட்டு ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். மழை குறைந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

கூட்டம் முடிந்த இரவில் யாரிடமும் கருத்துக் கேட்காதீர்கள். திங்கட்கிழமை, நீங்கள் நம்புகிற ஒருவரிடம் மட்டும், இரண்டே இரண்டு திருத்தம் கேளுங்கள். அன்றே நோட்டின் பின்பக்கத்தில் எழுதுங்கள்: தேதி, என்ன தேவை இருந்தது, என்ன வந்தது, யார் கையால் வந்தது. வராததையும் எழுதுங்கள். மன்னாவிலும் ஒரு ஓமரை வருங்காலத் தலைமுறை பார்க்கவென்று எடுத்துவைக்கச் சொல்லியிருந்தது.

சோர்வு வரும். எலியா சூரைச்செடியின்கீழ் படுத்து, போதும் என்றபோது, முதலில் கிடைத்தது தூக்கமும் சுட்ட அப்பமும் ஒரு பாத்திரம் தண்ணீரும். பேச்சு எல்லாம் பிறகு. ஆகவே இரண்டு வாரம் தூக்கம் சரியாக இல்லை என்றால் ஒரு வெள்ளிக்கிழமையை வேறொருவரிடம் கொடுங்கள். தூக்கமின்மையும் நெஞ்சுப் படபடப்பும் அதற்குப் பிறகும் நீடித்தால் மருத்துவரிடம் போகவேண்டும். அதை ஜெபக்குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஒன்பதாவது வாரத்திலேயே அடுத்த ஆளைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். அந்த வாரம் அவர் ஆரம்ப ஜெபம், பத்தாவது வாரம் வாசிப்பு, பதினோராவது வாரம் ஐந்து நிமிடம் பேச்சு, பன்னிரண்டாவது வாரம் முழுக் கூட்டமும் அவர் கையில், நீங்கள் பின்வரிசையில். நீங்களே தொடர்வதாக மூப்பர்களோடு பேசி முடிவானாலும் இதைச் செய்யுங்கள். ஒப்படைக்கும் நாளில் கணக்கு நோட்டு, பால் டின்கள், பாட்டு எடுத்துக்கொடுக்கும் அக்காவின் தொலைபேசி எண் ஆகியவற்றோடு, முதல் வாரத்தில் எழுதிய அந்தக் குறைப் பட்டியலையும் கிழிக்காமல் கொடுங்கள். அதில் பாதி வரிகள் இன்னும் அடிக்கப்படாமல்தான் இருக்கும்.